சொல்லிவிட்டுச் சாய்

பத்தொன்பது வருடம் நான் கீழே, அவள் மேலே.
கிளைப்பேடா துறைமுகம், ஏழாம் எண் கிரேன்.
கண்ணாடிக் கூண்டுக்குள் டங்குவோலே
ஒரு பொட்டு மாதிரித் தெரிவாள்.
என் ஆள்காட்டி விரல் சுழன்றால் தூக்குவாள்.
விரல்களை மூடிக் கையை உயர்த்தினால்
அந்தரத்தில் அப்படியே நிற்கும் இரும்பு.

இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.
நரம்புகள் ஒவ்வொன்றாகக் கயிறை அவிழ்த்துக்கொண்டு
கிளம்பிப் போய்விட்டன,
இடது ஆள்காட்டி விரலை மட்டும் கரையில் மறந்துவிட்டு.
தங்கை மீன் ஆலைக்குப் போகும் செவ்வாயும் வெள்ளியும்
நான் வருகிறேன்.

நகராட்சி கொடுத்த சாய்வு நாற்காலி.
பின்கைப்பிடியில் இரண்டு நெம்புகோல்.
அழுத்தினால் இருக்கையும் முதுகும் ஒரே துண்டாகச் சரியும்,
இடுப்பின் மடிப்பு மாறாமல்.
நன்றாகக் கட்டிய சரக்கு மாதிரி என்றேன்.
"யார் சரக்கு?" என்றாள்.

முதல் நாள் பின்னால் போய் நின்றேன்,
அழுத்தினேன், சாய்த்தேன்.
அவளிடம் சொல்லவில்லை.
கூரையே மேலே விழுந்தது போலிருந்திருக்கும்.
கழுத்து விறைத்து, அந்த ஒரு விரல்
காற்றைப் பிறாண்டியது.
பிறகு வந்தன துறைமுகத்து வசவுகள்,
ஓய்வுபெற்ற பின் நான் கேட்டே இராதவை.
"சைகை இல்லாமல் ஒரு நாளாவது
உன் இரும்பைத் தூக்கியிருக்கிறேனா?"

இல்லை.
ஒரு நாள்கூட இல்லை.

அதனால் இப்போது எதிரே வந்து நின்று சொல்கிறேன்.
பிரேக் இரண்டையும் காலால் தட்டிப் பார்க்கிறேன்.
கவிழாமல் தாங்கும் பின்சக்கரங்கள் இறங்கியிருக்கின்றனவா,
தலைத் தாங்கி மண்டையின் குழியில் இருக்கிறதா,
முழங்கை கதவு நிலையில் சிக்குமா,
சாயும்போது எழும்பும் முட்டி மேசையில் இடிக்குமா.
(ஒருமுறை இடித்தது. தேநீர்க் கோப்பை போயிற்று.
அவளுக்கு வலிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.)
விரல் சுழலும்வரை நெம்புகோலைத் தொடுவதில்லை.

பத்து டிகிரி ஒன்றுக்கும் உதவாது.
முப்பதைத் தாண்டினால்தான்
உட்கார்ந்து உட்கார்ந்து கன்றிய எலும்பு முனையிலிருந்து
பாரம் முதுகுக்கு ஏறும்.
அரைமணிக்கு ஒருமுறை, சில நிமிடம்.
அடுப்புக் கடிகாரத்தில் மணி வைத்திருக்கிறேன்.
அது கத்தும்போதெல்லாம் அவளும் கத்துகிறாள்.

சூப்புக்கு நிமிர்த்தியாக வேண்டும்.
நான் சோம்பல்பட்டுப் பாதிச் சாய்வில் ஊட்டினேன்;
குளிர்ந்த பீட்ரூட் சூப், அந்த ரோஜா நிறம்,
தப்பான குழாயில் இறங்கியது.
அவள் இருமிய மூன்று நிமிடமும்
என் கை தானாக மூடி உயர்ந்து நின்றது,
யாரை நிறுத்தவோ.

வெள்ளிக்கிழமை காற்று குறைவு.
காயல் ஓரம் தள்ளிப்போனேன்.
சரிவில் பின்புறமாக இறக்கினேன், அவள் முகம் மேட்டைப் பார்க்க.
சமதரையில் பிரேக், பிறகு சைகை, பிறகு சாய்வு.
இன்னும், என்றது விரல். இன்னும்.
நாற்பதில் நின்றது.
கடற்காகங்களின் வயிற்றைப் பார்த்தபடி சொன்னாள்:
"கூண்டில் இருந்தபோது வானத்தைப் பார்த்ததே இல்லை.
குனிந்து உன் கையையேதான்.
ஹெல்மெட்டைக் கழற்றுவாய் பார்,
உனக்கு வழுக்கை விழுவதை முதலில் கண்டது நான்தான்,
உன் மனைவிக்கும் முன்னால்."

பதினாறு வருடம் இதைச் சொல்லாமல் வைத்திருந்தாளாம்.

திரும்பும் வழியில் இடது நெம்புகோல் தொளதொளத்தது.
கம்பி தளர்ந்திருக்கிறது.
நாளைக்குச் சாவி கொண்டுவந்து
அரைச் சுற்று முறுக்கலாம் என்றேன்.
"கால் சுற்று. அரை போட்டால் பூட்டு பிடிக்காது."
அரை என்றேன்.
விரல் எழுந்தது. சுழலவில்லை.
அப்படியே நின்றது.