நியூட்ரலில் இறங்காதே

தொப்பூர்க் கணவாயில்
மஞ்சள் பலகை ஒன்று நிற்கிறது.
பாதி எழுத்தை லாரிகள் உரசித் தின்ற பின்னும்
படிக்க முடியும்:
நியூட்ரலில் இறங்காதே.

பதினெட்டு வருஷமாய்
அதைப் படித்துக்கொண்டே பீடி பற்றவைத்தேன்.
முதுகுக்குப் பின்னால் முப்பது டன் கருங்கல்,
விரலிடுக்கில் ஒரு துளி நெருப்பு.
இரண்டையும் சேர்த்து ஓட்டியவன்,
காவேரிப்பட்டினம் திம்மராயன்.

விட்டிருக்கிறேன், மூன்று முறை.
மகள் பிறந்த அன்று.
மாலை போட்டிருந்த நாற்பத்தெட்டு நாள்.
கூட ஓட்டிய எல்லப்பனை
ஆஸ்பத்திரியிலிருந்து துணி சுற்றிக் கொண்டுவந்த மாதம்.
மூன்று முறையும் ஒரேயடியாக,
டீசல் மிச்சமென்று இன்ஜினை அணைத்து
வண்டியைச் சரிவில் விட்டதுபோல.
கொஞ்ச தூரம் காற்று சுகமாகத்தான் இருக்கும்.
அப்புறம் பிரேக் கருகும் வாசம் வரும்.
வீட்டில் சோற்றுத்தட்டு பறக்கும்.

தர்மபுரி பெரியாஸ்பத்திரி,
மாடியில் கடைசி அறை.
ஆரோக்கியசெல்வி சிஸ்டர் கேட்டார்:
கண் விழித்து எத்தனை நிமிஷத்தில் முதல் பீடி?
கண் விழிப்பதே அதற்குத்தான் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

அட்டைப்பெட்டிக்குள்
தோல் நிறத்தில் சதுரத் துண்டுகள்.
முதலில் இருபத்தொன்று,
சில வாரம் போய்ப் பதினான்கு,
அப்புறம் ஏழு.
மில்லிகிராம் என்றார் அவர்.
எனக்குக் கியர் என்று கேட்டது.

பீடியில் இருப்பதுதானே இதிலும், சிஸ்டர்?
"இழுக்கிறது இதுதான். கொல்லுறது புகை.
புகையை இன்னைக்கே விடுங்க,
இதை மெதுவா விடலாம்."

இன்றைக்கு இடது புஜம்,
நாளைக்கு வலது,
மறுநாள் நெஞ்சுக்கு மேலே.
செக்போஸ்டில் டார்ச் அடித்துக் கேட்டார்கள்:
என்னய்யா பிளாஸ்திரி, அடிதடியா?
ஆமா சார், பீடியோட.

மெல்லுவதற்கும் கொடுத்தார்.
மெல்லு, நாக்கில் சுரீரென்றதும் நிறுத்து,
கன்னத்தில் ஒதுக்கு.
புகையிலை அடக்கிய வாய்க்கு
இதெல்லாம் பாடமா?
ஆனால் அது வாயில் இருக்கும்போது டீ கூடாதாம்,
அதற்கு முன்னால் கால் மணி நேரமும் கூடாதாம்.
காரிமங்கலம் கடையில்
டீயா கம்மா என்று நான் யோசித்து முடிப்பதற்குள்
டீ ஆடை கட்டிவிட்டது.
அந்த அட்டை விலைக்கு எத்தனை கட்டு வரும் என்று
கணக்குப் போட்டார் கடைக்காரர்.
பீடிக்கு அவரிடம் கடன் உண்டு.
மருந்துக்கடையில் கடன் கிடையாது.

ஒட்டியபடி தூங்கினால் கனவு வருகிறது,
சினிமா மாதிரி, கலரில்.
எல்லப்பன் கேபினில் ஏறி உட்கார்ந்து
பீடி இருக்கா என்றான்.
சட்டைக் கையை உயர்த்திக் காட்டினேன்.
உற்றுப் பார்த்துவிட்டு,
அதுல பாதி குடுடா என்றான்.

பத்தொன்பதாம் நாள்
குவாரியில் கிரேன் படுத்துவிட்டது.
இரண்டு ராத்திரி
கல்லைப் பார்த்துக்கொண்டு கல்லாய் உட்கார்ந்திருந்தேன்.
ஒன்று பிடித்தேன்.
இல்லை, இரண்டு.
தலை தொங்கப்போட்டு அந்த அறைக்குப் போனேன்.
"முன்னாடி ஒரு நாளைக்கு எத்தனை?"
ரெண்டு கட்டு.
"இப்போ ரெண்டு பீடி.
நாளைக்குக் காலையில மறக்காம ஒட்டிக்குங்க."
அவ்வளவுதான் திட்டு.

இன்று ஏழு.
விடிகாலை நாலு மணி, அதே கணவாய்.
சின்னக் கியரில் இன்ஜின் உறுமி உறுமி
கல்லைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி இறக்குகிறது.
பின்னால் ஒரு கார் ஆரன் அடிக்கிறது.
அடிக்கட்டும்.
பீடி பிடித்த கைக்கு வேலை இல்லை.
கியர் குமிழ் மேல் கிடந்து
நடுங்குவது வண்டியா தானா என்று
பார்த்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த வாரம் ஒட்ட ஒன்றும் இருக்காது.
கீழே சமதளம் வரும்.
சரிவில் யாருக்கும் தூக்கம் வருவதில்லை,
சமதளத்தில்தான் கண் சொருகும்.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறேன்.
மெல்லுவதற்கு ஒன்று இருக்கிறது.
தீப்பெட்டியும் இருக்கிறது.
அது சூடத்துக்கு
என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.