நாற்பத்தொரு வினாடி

செப்டம்பர் பதினாலு, இரவு பதினொன்று நாற்பது.
தின்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள்.
யாரோ கூப்பிட்டதுபோல்
தலை இடப்பக்கம் சாய்ந்தது.
இல்லாத ஈயைக் கடித்தாள்.
பிறகு நான்கு கால்களும்
சமையலறையின் காய்ந்த தரையில்
நீந்தத் தொடங்கின.

அடுப்புக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன்:
நாற்பத்தொரு வினாடி.
எழுந்தவள் சுவரில் முட்டிக்கொண்டாள்,
பட்டினி கிடந்தவள்போல் மறுபடி தின்றாள்.

புப்பா என்று பெயர்,
எங்கள் பேச்சில் அவரை விதை.
கிளைப்பெடா துறைமுகத்தில்
என் பாரந்தூக்கியின் அடியில், எண்ணெய்த் துணிக்குள்
அவ்வளவாகத்தான் கிடந்தாள்.

நோட்டில் ஐந்து கட்டம் போட்டேன்.
தேதி. மணி. எவ்வளவு நேரம். முன்னால் என்ன தின்றாள்.
கடைசிக் கட்டம், காரணம்.
அதை மட்டும் அகலமாகப் போட்டேன்.

மருத்துவர் உக்னியுஸ் சின்னப் பையன்.
சர்க்கரை சரி என்றார். கால்சியம் சரி. ஈரலும் சரி.
ஒவ்வொரு சரிக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.
எங்கிருந்தாவது விழுந்தாளா?
நாய்க்கான தெள்ளு மருந்தைத் தடவினீர்களா?
வீட்டில் எலி மருந்து உண்டா?

உண்டு.
நிலவறையில், கீழ்வீட்டுப் பிரோனியுஸின்
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால்
நீல மணிகளைப் பார்த்திருக்கிறேன்.
இரவு வேலை முடிந்து காலை ஆறு மணிக்கு
அவர் கதவை உடைக்காத குறையாகத் தட்டினேன்.
"நீங்கள்தான்" என்றேன்.
உள்ளாடையில் நின்றிருந்தார்.
ஒன்றும் சொல்லாமல் சாத்திக்கொண்டார்.

மாலையில் என் கால்மிதியில்
பிரித்துத் தட்டையாக்கிய மருந்து அட்டை.
பென்சிலால் வட்டமிட்ட ஒரு வரி:
ரத்தம் கசியும்.
அருகில் அவர் எழுத்து:
'வலிப்பு வரும் என்று போடவில்லை. இருந்தும் எடுத்து எரித்துவிட்டேன்.
மன்னிப்பெல்லாம் வேண்டாம். பூனை எப்படி?'

கௌனஸுக்கு அவர் காரில்தான் போனோம்.
இருநூறு கிலோமீட்டருக்கு மேல்.
திரையில் அவள் மூளை,
குறுக்கே அறுத்த அக்ரூட் பருப்பு.
மருத்துவர் அம்மாள் ஒவ்வொரு படமாகத் தள்ளினாள்.
எதுவும் இல்லை, சந்தோஷப்படுங்கள் என்றாள்.
என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு
எதுவும் இல்லை.

திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையத்தில்
பிரோனியுஸ் தன் ரொட்டிக்குள் இருந்த இறைச்சியைப் பிய்த்துக்
கூண்டுக் கம்பியில் நீட்டினார்.
மயக்கம் தெளியாதவள் காற்றை நக்கினாள்.

மீன் ஆலையில் குளிர்ப்பெட்டி பழுது பார்த்தவர்.
"மோட்டார் ஏன் நின்றதென்று தெரியாமல்
ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை நான்."
எனக்கு இரவு வேலை இருக்கும் நாட்களில்
மேலே வந்து அவளோடு உட்கார்ந்தார்.
நோட்டில் நான் கேட்காததெல்லாம் நிரம்பியது:
'காற்று மேற்கு.
கப்பல் சங்கு ஒருமுறை.
என்னைப் பார்த்தாள், ஆனால் பார்க்கவில்லை.
பிறகு பார்த்தாள்.'

ஜனவரியில் ஒரு இரவு
நாற்பது மீட்டர் உயரத்தில் இருந்தேன்.
கொக்கியில் பெட்டகம்.
கைபேசி மினுங்கியது.
கீழே ஆட்கள் கத்தக் கத்த
பெட்டகத்தை அந்தரத்திலேயே நிறுத்திவைத்துப் படித்தேன்:
'முப்பத்து நாலு. தூங்குகிறாள்.'

இப்போது காலை ஏழுக்குக் கால் மாத்திரை,
மாலை ஏழுக்குக் கால் மாத்திரை.
மார்ச்சில் இரண்டு முறை வந்தது.
ஏப்ரலில் ஒன்று.
ஏன் வந்தது என்று தெரியாததுபோலவே
ஏன் குறைகிறது என்றும் தெரியவில்லை.
காரணக் கட்டத்தில் பிரோனியுஸ்
கடைச் சாமான் எழுத ஆரம்பித்துவிட்டார்.
உருளை. வெண்ணெய். பல்பு ஒன்று.

நேற்று தின்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள்.
என் கரண்டி பாதியில் நின்றது.
அவர் அடுப்புக் கடிகாரத்துக்குத் திரும்பினார்.
ஒன்று.
இரண்டு.
மூன்றில்
வாய் முழுக்கத் திறந்து கொட்டாவி விட்டாள்.

அதையும் எழுதினார், மணியோடு.