மூன்று அமுங்காத போன்

சயான் கோலிவாடாவில் ஏழு மாடி.
எங்களுடையது தரைத்தளம்.
ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர்.
ஒரு புள்ளி சிக்னல் வேண்டுமென்றால்
குளியலறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
கொக்கு மாதிரி நிற்க வேண்டும்.

ஃபால்ஸ், பீக்கோ, பிளவுஸ் என்று
வாசலில் பலகை, கீழே என் மொபைல் நம்பர்.
கூப்பிட்டவர்களிடமெல்லாம்
எல்லைக்கு வெளியே போய்விட்டாள் என்று
மராட்டியில் ஒருத்தி சொல்லிவிடுகிறாள்.
எந்த எல்லை?
காலையிலிருந்து மெஷினைவிட்டு
எழுந்திருக்கவே இல்லை நான்.

இணையம் போட்டால் வீட்டுக்குப் போன் சும்மா
என்றார்கள்.

முதல் நாள் காம்ப்ளே வந்தான், ஏணி இல்லை.
மறுநாள் ஏணி வந்தது, காம்ப்ளே இல்லை.
மூன்றாம் நாள் இரண்டும் வந்து
போட்ட துளை
அந்தப் பக்கம் பேச்சியம்மா வீட்டுப்
பருப்பு டப்பாவுக்குப் பின்னால் போய் முளைத்தது.
அவளைச் சமாதானம் செய்ய
ஒரு பிளவுஸ், கூலியில்லாமல்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.
போன் விளக்கு மட்டும் சிவப்பு.
மொபைலுக்கு ஓடிபி வரும், சொல்லுங்கள் என்றான்.
தம்பி, அது வராததால்தானே
உன்னையே கூப்பிட்டேன்!

பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான்
அவன் செயலி திறக்குமாம்.
மொட்டை மாடியில் நின்றால்தான்
என் மொபைல் திறக்கும்.
நடுவில் ஏழு மாடி, ஓடாத லிஃப்ட், மூன்று நிமிடம்.

மகன் இசக்கி மேலே ஓடினான்.
ஏழிலிருந்து இந்தியில் கத்தினான்.
ஐந்தில் வைஷாலி அதை மராட்டியில் வாங்கி இறக்க,
இரண்டில் நஸ்ரீன் ஈரக்கையோடு எட்டிப் பார்த்து
மறுபடி இந்தியில் போட,
நான் விரல் மடக்கித் தமிழில் எண்ணினேன்.
நாலு, ரெண்டு, ஒம்பது, ஏழு...
தவறு என்றது செயலி.
வைஷாலி சொன்ன சஹா
நஸ்ரீன் காதில் சாத் ஆகியிருக்கிறது.
ஆறு ஏழாகிவிட்டது.

இரண்டாம் முறை
நாலாம் மாடிக் குழந்தையும் சேர்ந்துகொண்டது.
நாய் குரைத்தது.
யாரோ லாட்டரியா என்று கேட்டார்கள்.
ஆறு எண்ணும் ஒழுங்காக வந்து சேர்ந்தன.
விளக்கு பச்சை.
படிக்கட்டு முழுக்கக் கைதட்டல்.

போன் கருவி லாமிங்டன் ரோட்டில் வாங்கியது,
பழசு, நானூற்றைம்பது ரூபாய்.
வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது,
மூன்று அமுங்காது.
அமுக்கி அமுக்கிப் பார்த்தேன்,
ஊசி நுனியால் நெம்பியும் பார்த்தேன்.

தூத்துக்குடியில் என் அக்கா நம்பரில்
மூன்று மூன்று.
பதினொரு வருஷமாக
மொட்டை மாடி ஏறி நானேதான் கூப்பிட்டேன்.
புது நம்பரை அவளுக்கு அனுப்பினேன்.
இனி உன் முறை என்று எழுதி,
பிறகு அந்த வரியை அழித்துவிட்டு.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மணி அடித்தது.
துணியை அப்படியே போட்டு ஓடினேன்.
ஹலோ என்றேன்.
என் ஹலோவே எனக்குத் திரும்பி வந்தது.
அரை நொடி கழித்து ஒரு குரல்:
பிளவுஸ் ரெடியா?

ரெடி என்று நான் சொல்ல,
ரெடியா என்று அவளும் கேட்க,
இரண்டும் நடுவழியில் மோதிக்கொண்டன.
அதற்குள் கரண்ட் போனது.
கரண்ட்டோடு விளக்கு, விளக்கோடு குரல்.
கம்பிப் போன் காலத்தில்
இருட்டிலும் பேசுவார்களாம்.

இந்த மாதம் அந்தப் போனில் வந்தது
பதினேழு ஆர்டர்,
நாலு கடன் வேண்டுமா,
ஒரு தவறான எண்.
அக்கா இல்லை.

நாங்களும் போடலாமா, லாயக்கா என்று
வைஷாலி படியில் நிறுத்திக் கேட்கிறாள்.
பதினேழைச் சொல்லலாம்.
பருப்பு டப்பாவைச் சொல்லலாம்.
போடு என்றேன்.
வாங்கும்போது மூன்றை மட்டும்
கடையிலேயே அமுக்கிப் பார்த்துக்கொள்.
ஓடிபி வரும் நாளில் சொல்,
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்
நான் வந்து நிற்கிறேன்.