ஆல்

மாலை ஆறு நாற்பத்தொன்று.
தெற்கிலிருந்து ஒரு பாய்மரப் படகு
கொம்பு ஊதியது: ஒரு நெடில், ஒரு குறில்.
பாலத்தைத் தூக்கு என்று பொருள்.
ஆர்வில் பெட்வே அதே இரண்டை ஊதி
தடுப்புக் கட்டைகளை இறக்கினார்.
சாலை நடுவில் பிளந்து
வானத்தைப் பார்த்து நின்றது.

இருபத்திரண்டு வருடமாகச் செய்கிற வேலை.
அன்று செவ்வாய், நவம்பர்.
அக்கரைத் தீயணைப்பு நிலையத்தில் வாக்குச்சாவடி,
ஏழு மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள்.
படகுக்காரன் கையில் பியருடன்
அவசரமில்லாமல் கடந்தான்.
பதிவேட்டில் எழுதினார்:
படகின் பெயர், இரண்டாம் அடமானம்.
மூடியது, ஆறு ஐம்பத்தெட்டு.
காத்திருந்த வண்டிகள், நாற்பத்தொன்று.

மாநிலம் இருபத்தாறு வாக்கில் சாய்ந்தது.
மாநிலம் சாய்ந்த பக்கம் நாடு.
ஐந்து வாரம், துளையிட்ட அட்டைகளை
விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து
முழுதாய் விழாத பொட்டுக் காகிதத்தில்
ஒரு மனிதனின் மனத்தைத் தேடினார்கள்.
பாலத்துக்கு யாரும் வரவில்லை.
ஒரு நிருபர்கூட.

நம் மொழியில் ஆல் ஒரு மரம்.
வினையின் வாலில் ஒட்டினால்
நடக்காதது நடக்கத் தொடங்கும்.
ஆர்விலுக்கு இது தெரிய வழியில்லை.
ஆனால் பாலத்தடியில், எப்போதோ
ஒரு மனைத்தரகன் அழகுக்கு நட்ட ஆல்
நடைபாதைக்குள் விழுது இறக்கிக்கொண்டிருந்தது.

தூக்காதிருந்தால்.
முதல் வண்டியில் ஆஸ்பத்திரிச் சீருடையோடு லுடெல்லா,
அடுத்ததில் பேச்சு நின்றுபோன இரு சகோதரர்கள்
(ஒருவர் வாக்கை மற்றவர் அழித்துவிடுவார்),
ஐஸ் ஒழுகும் மீன் லாரி, ஓட்டுநர் வேற்று நாட்டவர்,
பிறகு காலிப் பள்ளிப் பேருந்து.
முப்பத்தேழை அவரே நிரப்ப வேண்டியிருந்தது.
நிரப்பினார், இரவுகளில்.

மற்றவர் ஜெயிக்கிறார். போர் இல்லை.
எதிர்வீட்டு டெல்மர் ஏர்கண்டிஷனர் பழுதுபார்க்கிறான்,
இருபது டாலர் கடன் வாங்குகிறான்,
திருப்பித் தருவதில்லை. பார்த்தால் கையசைக்கிறான்.

மற்றவர் ஜெயித்தும் போர் வருகிறது,
இரண்டு வருடம் தாமதமாக, வேறு பாலைவனத்தில்.
டெல்மருக்கு அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது.
மடித்த கொடியை
இந்தமுறை தாயிடமல்ல, மனைவியிடம் தருகிறார்கள்.

அல்லது நாற்பத்தொரு வண்டியும்
ஜெயித்தவருக்கே போட்டுவிடுகின்றன.
வித்தியாசம் பெருகுகிறது, மறு எண்ணிக்கை இல்லை,
பாலம் பாலமாகவே இருந்துவிடுகிறது.
இது அவரைத் தூங்கவைக்கும் கதை.
ஆகவே இதை அவர் நம்புவதில்லை.

ஒருமுறை ஜெனீவா,
பட்டாணி உரித்தபடி, தலை நிமிராமல் கேட்டாள்:
நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?
அவருடைய ஷிப்ட் முடிந்தது இரவு எட்டுக்கு.
காலையில் போயிருக்கலாம்.
காலையில் மிதியடியில் நாய் வாந்தி, பிறகு காப்பி,
பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு.
வழக்கம்போலத்தான், என்றார்.

ஐந்து குறில் என்றொரு சமிக்ஞையும் உண்டு:
இப்போது முடியாது, காத்திரு.
கையேட்டில் நான்காம் பக்கம்.
அன்றும் அது நான்காம் பக்கத்தில்தான் இருந்தது.

ஓய்வுக்கு முந்தைய கடைசி நவம்பர்,
செவ்வாய், ஏழு அடிக்கப் பத்து நிமிடம்,
வடக்கிலிருந்து ஒரு படகு ஊதியது.
ஆர்வில் சாலையைப் பார்த்தார். ஒன்பது வண்டி.
ஊதினார்:
குறில், குறில், குறில், குறில், குறில்.
படகுக்காரன் நடுவிரலைக் காட்டினான்.
வண்டிகள் கீழே நிதானமாக உருண்டு
பாலம் இறங்கியதும் இடப்பக்க விளக்கைச் சிமிட்டி,
ஒவ்வொன்றாக,
வறுத்த மீன் கடைக்குத் திரும்பின.
எட்டு.
ஒன்பதாவது எங்கே திரும்பியது என்பதை
ஆலமரம் மறைத்துவிட்டது.