உருகு ஓட்டம்

இருநூற்று முப்பது டிகிரி.
இரண்டு கிலோ, நூற்றறுபது கிராம் எடை.
பத்து நிமிடம்.
அந்தச் சின்னத் துளை வழியே எவ்வளவு வழிகிறது
என்று நிறுத்துச் சொல்வதுதான் என் வேலை.
ஜூரோங் தீவு, இரவு ஷிப்ட்,
கைப்பேசியின் கண்மேல் சிவப்பு ஸ்டிக்கர்.

ஜவ்வரிசி போல வந்து சேரும், சாக்குச் சாக்காய்.
எல்லாம் பாலிப்ரோப்பிலீன். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்.
மூன்று கிராம்தான் ஒழுகியது என்றால்
நீளச் சங்கிலி, பிடிவாதக்காரி,
காப்பிப் பையின் கழுத்தைக் கட்டும் சிவப்பு நாராகப் போகிறாள்.
பன்னிரண்டு என்றால் நாற்காலி;
புளோக்கின் கீழ்த்தளத்தில்
சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒன்றாய் விரிகிற
அதே நாற்காலி.
அறுபது என்றால் நூடல்ஸ் டப்பா, மூடியோடு.
தாளில் எண்ணை எழுதும்போது
ஜாதகம் கணிப்பவரின் கர்வம் எனக்குச் சில நாள் வரும்.
"உன் பேனா வழுக்கினால்
யாரோ ஒருவர் நாரில் உட்கார வேண்டியதுதான்"
என்பாள் ஹுவீ ஷுவான்.

காலை ஏழரைக்குப் பூன் லேயில் இறங்கியும்
கண் ஷிப்டை முடிப்பதில்லை.
தோசைத் தட்டு மெலமின்.
ஒருமுறை இறுகியதோடு சரி,
தீயில் போட்டாலும் கருகுமே தவிர இளகாது,
கடைக்கார ஜைனுலாபுதீன் சொன்ன விலை மாதிரி.
பை பாலித்தீன். தலைக்குமேல் குழாய் பிவிசி.
குடை நைலான்.
பக்கத்து மேசைப் பிள்ளை கடிக்கும் வளையம் சிலிக்கோன்.
பத்து வெள்ளி நோட்டும் பாலிமர்தான்,
போன வாரம் சட்டைப்பையோடு துவைத்து
கம்பில் காய்ந்தது; நிறம்கூட மங்கவில்லை.
சும்மா ஒரு காப்பி குடிக்க முடிவதில்லை.

மார்ச்சில் என் பித்தப்பையை எடுத்தார்கள்.
பத்திலிருந்து கீழே எண்ணச் சொன்னார்கள்.
எட்டுவரை நினைவிருக்கிறது.
ஏழுக்குப் பதிலாக
ஊசிக்குழலைப் பார்த்து
"இருபத்தைந்து இருக்கும்" என்று நான் முனகியதாக
தாதி ரோஸ்லினா பிறகு சொன்னார்.

"தையல் பிரிக்க வர வேண்டாம்,
தானே கரைந்துவிடும்" என்றார் டாக்டர்.
என்ன பொருள் என்று கேட்டேன்.
இதுவரை யாரும் கேட்டதில்லை போல.
கோப்பைப் புரட்டி
பாலிகிளைகாலிக் அமிலம் என்றார்.
அதுவும் சங்கிலிதான்.
ஆனால் தண்ணீர் அதை வெட்டும்.
என் உடம்பின் ஈரமே கண்ணி கண்ணியாய் நுழைந்து
அறுத்து அறுத்து,
தோல் தோலைப் பிடித்துக்கொண்ட பிறகு
சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடும்.

படுக்கையில் கிடந்து சிவப்பு நாரை நினைத்தேன்.
அது கட்டியிருப்பதும் பத்து நிமிடம்தான்,
காப்பி தீரும்வரை.
பிறகு குப்பைக்குழாய், துவாஸ் உலை,
சாம்பலாகிப் படகேறி செமாக்காவ்.
உலைக்குத் தப்பியது எங்கே போகிறதோ,
அந்த எண் என் தாளில் இல்லை.
குறை சொல்லும் இடத்திலும் நான் இல்லை.
வீட்டுக் கடனைக் கட்டுவது
மூன்றும் பன்னிரண்டும் அறுபதும்தான்.

இன்று காலணியைக் கழற்றினால்
உள்ளிருந்து ஒரு மணி உருண்டது.
எந்தச் சாக்கு, எந்தத் தேதி, தெரியாது.
ஒற்றை மணிக்கு உருகு ஓட்டம் பார்க்க முடியாது,
குறைந்தது நாலு கிராமாவது வேண்டும்.
நாராகியிருக்கலாம். நாற்காலியின் காலாக,
யாரோ ஒருவரின் ஊசிக்குழலாக.
குப்பைத்தொட்டிமேல் கையை நீட்டினேன்.
தழும்பு லேசாக அரித்தது,
அங்கே இப்போது நூல் ஏதும் இல்லை.
மணியைச் சாவிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு
திரையை இழுத்தேன்.
திரை பாலியெஸ்டர்.
தூங்க வேண்டும்.