எழுபத்தொரு சதவீதம்

குழித்துறையில் ஏறி
ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.
கைப்பேசி சொன்னது:
உங்களுக்கு ஏற்ற வேலை ஒன்று வந்திருக்கிறது.

தலைமை மென்பொருள் பொறியாளர். கழக்கூட்டம்.
பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டு அனுபவம்.
உடனே சேர்பவர்களுக்கு முன்னுரிமை.

மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன்.
‘பழையதை உடைக்காமல் புதியதைப் பொருத்தத் தெரிந்தவர்.’

என் வாக்கியம்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை
மனிதவளத்து ரேஷ்மா குழைவாகத்தான் கேட்டாள்:
சேச்சி, நீங்க செய்யறதெல்லாம் ஒரு பக்கத்துல எழுதித் தாங்களேன்,
சும்மா, ஃபைலுக்கு.
ஒன்றரைப் பக்கம் வந்தது.
பதினான்கு வருடம் இவ்வளவுதானா என்று
எழுத்தின் அளவைக் கூட்டிப் பார்த்தேன்.
இரண்டு பக்கம் ஆயிற்று. அனுப்பிவிட்டேன்.

பாறசாலை.
கேரளம் உங்களை வரவேற்கிறது என்று குறுஞ்செய்தி.
சாயங்காலம் தமிழ்நாடு வரவேற்கும்.
தினம் இரண்டு அரசுகள் வரவேற்கிற பெண்
இந்தப் பெட்டியில் மட்டும் நாற்பது பேர்.
எதிர் சீட்டில் ஒருத்தி நின்றபடியே
ஈரத் தலையை விரலால் கோதிக்கொண்டிருக்கிறாள்,
மடியில் இருக்க வேண்டிய மடிக்கணினி
தோளில் தொங்குகிறது.

கீழே இழுத்துப் பார்த்தேன்.
உங்கள் பொருத்தம்: எழுபத்தொரு சதவீதம்.

என் நாற்காலிக்கு நான் எழுபத்தொன்று.
மீதி இருபத்தொன்பதைத் தேடினேன்.
இயந்திரம் எழுதும் நிரலை மேய்க்கத் தெரிய வேண்டுமாம்.
தெரியும். விண்ணப்பத்தில்தான் போடவில்லை.
போடாதது இன்னும் உண்டு.
ராஜினாமாக் கடிதத்தோடு வந்த அனந்துவுக்கு
மரச்சீனியும் மீன்கறியும் வாங்கித் தந்து
கடிதத்தைக் கேட்காமலே விட்டது.
குலசேகரத்தில் கல்யாணப் பந்தலுக்குப் பின்னால்
ஜெனரேட்டர் புகையில் குந்தியிருந்து
விழுந்த சம்பளப் பட்டியலை எழுப்பி நிறுத்தியது,
பட்டுப்புடவையில் டீசல் வாசனை போகவே இல்லை.
இதற்கெல்லாம் என்ன சொல் எழுதுவது?
எந்தச் சொல்லைத் தேடுகிறது அந்த இயந்திரம்?

பாலராமபுரத்தில் கிராசிங்.
எக்ஸ்பிரஸ் போகட்டும் என்று வண்டி மூச்சுவிட்டு நிற்க,
ஸ்டெபின் கூப்பிட்டான்.
கல்லூரியில் பக்கத்து பெஞ்சு.
டிசம்பரில் பெங்களூர் அவனைக் கழித்துவிட்டது.
மார்த்தாண்டத்தில் மாமனார் வீட்டு மாடி,
ஓசூரில் இன்னும் கூரை போடாத ஃபிளாட்டுக்குத் தவணை.

‘ஜெனிலா, ஒங்க கம்பெனில லீடு போஸ்ட் வந்திருக்கில்லா, பாத்தியா?’
பாத்தேன்.
‘அங்க ஆளு உண்டா, இல்ல புது போஸ்டாக்கும்?’

எக்ஸ்பிரஸ் கடந்தது.
அது கடந்து முடிகிற வரை
எனக்குப் பதில் தேவைப்படவில்லை.

தெரியல, என்றேன்.
அது பொய்யும் இல்லை.

‘மூணாவது ரவுண்டுல என்ன கேப்பானுவ?’
அந்தக் கேள்விகளை எழுதியவள் நான்.
ஒன்றைச் சொன்னேன்:
இரவு இரண்டு மணிக்கு எல்லாம் நின்றுவிட்டால்
முதலில் யாரை எழுப்புவாய்?
‘மேனேஜரை’ என்றான் உடனே.
நல்லா யோசிச்சு வை, என்றேன்.
பதிலைச் சொல்லவில்லை.
பேட்டை வரைக்கும் அது தொண்டையில் கிடந்தது.

பிறகுதான் சம்பளத்தைப் பார்த்தேன்.
எனக்குத் தருவதைவிட நாலு லட்சம் கூடுதல்.

சிரிப்பு வந்தது. ஈரத்தலைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

வேளியில் ‘விண்ணப்பி’யைத் தொட்டேன்.
பெயர்: ஜெனிலா மேரி.
அறிவிப்புக் காலம்: அறுபது நாள்.
இப்போதைய வேலையை விடக் காரணம்?
‘இதே வேலை’ என்று எழுதினேன்.
கட்டாயம் இருபது எழுத்துகள் வேண்டும் என்றது.
‘இதே வேலை, நாலு லட்சம் கூட.’
ஏற்றுக்கொண்டது.

ஸ்டெபினுக்கு ஒரு வரி அனுப்பினேன்:
யாரையும் எழுப்பாதே, முதலில் நீ போய்ப் பார்.
நீலக் குறி விழவில்லை.

கழக்கூட்டம். மழை.
வாசலில் அட்டையைக் காட்டினேன்.
பச்சை எரிந்தது.
அட்டையை அங்கேயே இன்னொரு தடவை காட்டிப் பார்த்தேன்,
பின்னால் வரிசை நிற்பதை மறந்து.