சதுர அடி விலை

விமானக் கம்பெனி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது.
உயர் வகுப்புக்கு மாறிக்கொள்ள
நானே ஒரு விலை சொல்லலாமாம்.
திரையில் ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு பொட்டு.
விரலால் தள்ளத் தள்ள நிறம் மாறுகிறது:
சிவப்பில் 'வாய்ப்புக் குறைவு',
மஞ்சளில் 'பரவாயில்லை',
பச்சையில் 'பலமான கோரிக்கை'.

குவாரி ஏலத்தில் மூடிய உறை போட்டுப் பழகியவன் நான்.
கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில்
பக்கத்து ஆள் வெற்றிலை மெல்லும் வேகத்தை வைத்தே
அவன் உறைக்குள் என்ன தொகை என்று சொல்லிவிடுவேன்.
இந்தப் பொட்டுக்கு வாய் இல்லை.

பர்கூர் ரோட்டில் எடைமேடைக்குப் பின்னால் என் ஆபீஸ்.
கால்குலேட்டரை இழுத்தேன்.
சாதா இருக்கை அகலம் பதினேழு அங்குலம்,
முன் சீட்டின் முதுகுவரை முப்பத்தொன்று.
வேஸ்டேஜ் கழித்தால் மூன்றரை சதுர அடி.
டிக்கெட் நாற்பத்திரண்டாயிரம்,
ஆக அடி பன்னிரண்டாயிரம்.
கால் நீட்டிப் படுக்கிற இருக்கை பதினோரு அடி.
கூடுதல் ஏழரை அடிக்குப் பச்சையில் கேட்பது
அறுபத்தேழாயிரத்து ஐந்நூறு.
அடி ஒன்பதாயிரம்தான்.

மலிவு!
இதே கணக்கைச் சொல்லித்தான்
சமையல் மேடைக்குக் கல் கேட்டு வந்தவர்கள் தலையில்
மாடிப்படிக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.

என் கருங்கல் அடி இருநூற்றுப் பத்து.
வீடு இடிந்த பிறகும் கிடக்கும்.
இது பிராங்க்பர்ட் வரை ஒன்பதரை மணி நேரம்.
விடிந்தால் வேறு யாரோ முதுகு.

முதுகு என்றதும் வேதவல்லி சொன்னாள்:
"ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறதை ஆகாயத்துல கொடுத்துட்டுப் போங்க."
என் முதுகு பதினாலு வருசத்துக்கு முந்தையது.
கிரேன் பெல்ட் அறுந்த அன்று
சரிந்த பலகையை இந்த முனையில் நான் தாங்கினேன்.
அந்த முனையில் மாதையன்.
எனக்குப் பெங்களூரில் ஸ்கேன் எடுத்தார்கள்.
அவருக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தோம்.

மாதையனும் வருகிறார்.
இத்தாலியில் புது வயர் மெஷின் பார்க்கப் போகிறோம்.
காசால் தட்டினாலே பாறைக்குள் கீறல் எங்கே என்று
காதில் கேட்டுச் சொல்கிறவர்;
மெஷின் பொய் சொன்னாலும் அவருக்குக் கேட்கும்.
பாஸ்போர்ட்டில் அவர் படத்துக்கு
என் சட்டைதான்.

இரண்டு பேருக்கும் சேர்த்தே கேட்டேன்,
இது சத்தியம்.
பொட்டு மஞ்சளும் பச்சையும் சேருமிடத்தில் நின்றது.
நேற்று மதியம் லாரிக்கு எடை போடும்போது பதில் வந்தது:
ஓர் இருக்கை மட்டுமே உள்ளது,
பயணியைத் தேர்வு செய்க.
கீழே இரண்டு பெயர்கள், அகர வரிசையில்.
அவர் பெயர்தான் மேலே இருந்தது.
என் பெயரைத் தொட்டேன்.
யோசிக்காமல் தொட்டேன் என்றால் பொய்.
எடை போட்ட லாரி கிளம்பி
அடுத்த லாரி ஏறி
அதுவும் இறங்கும்வரை யோசித்தேன்.

இப்போது காரில் இருக்கிறோம்.
டோல்கேட்டில் வண்டிகள் பீடி இழுப்பதுபோல்
நின்று நின்று நகர்கின்றன.
மாதையன் மடியில் வேகவைத்த நிலக்கடலைப் பொட்டலம்,
விமானத்தில் தின்ன, இரண்டு பேருக்கும்.
சம்சாரம் உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போட்டுவிட்டாளாம்.
"ராத்திரி ஷிஃப்டுல ஸ்டூல்லயே தூங்குனவன் நான்,
எனக்கு எந்த சீட்டானாலும் ஆகும்" என்கிறார்.
கொஞ்சம் கழித்து,
"ஜன்னலோரம் நீங்க உக்காந்துக்கங்க,
அந்தப் பக்கம் சாஞ்சா உங்க முதுகுக்கு நல்லது.
கால் நீட்டணும்னா எம்பக்கம் நீட்டிக்கங்க."

சூளகிரி தாண்டட்டும், சொல்லலாம் என்றிருந்தேன்.
ஓசூர் தாண்டிவிட்டது.
அத்திப்பள்ளியில் டிரைவர் கண்ணாடியை இறக்குகிறான்.
கடலை உரித்து
என் கையில் வைக்கிறார்.
உப்பு சரியாகத்தான் இருக்கிறது.